சோறு இறங்குகிறது; மருந்தை நிறுத்தலாமா? (இயோசினோபிலிக் உணவுக்குழாய் அழற்சி)

கொடுமுடியான் | 3 பிப்ரவரி, இரவு 10.20

வயது 39, ஈரோட்டுப் பக்கம். கல்லூரி முடித்த நாளிலிருந்தே எனக்குச் சோறு நெஞ்சில் நிற்கும். விக்கலும் இல்லை, புரையேறுவதும் இல்லை. விழுங்கிய கவளம் மார்பெலும்புக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துக் குனிந்து நிமிர்ந்தால் போய்விடும். அவசரமாக அள்ளிப் போடுகிறாய் என்பார்கள் வீட்டில். பதினைந்து ஆண்டுக்கு மேல் நானும் அதையே நம்பினேன்.

2022இல் மைத்துனன் கல்யாணப் பந்தியில் ஓர் ஆட்டுக்கறித் துண்டு நின்றது. குடித்த தண்ணீரும் திரும்பி வந்தது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் மூன்று மணி நேரம் துண்டில் துப்பிக்கொண்டிருந்தேன். ஒரு மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி வைத்து எடுத்துவிட்டு, "நன்றாக மென்று சாப்பிடுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். திசு எடுத்துப் பார்க்கவில்லை.

சென்ற ஆண்டு மறுபடியும் அதே கதை. இந்த முறை வெறும் சப்பாத்தி. வேறு மருத்துவரிடம் போனேன். அவர் குழாயின் மேலும் கீழுமாக ஆறு இடங்களில் திசு எடுத்தார். நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் புலத்தில் 60 இயோசினோபில் (ஒரு வகை வெள்ளை அணு) என்று அறிக்கை வந்தது. அமிலம் குறைக்கும் மாத்திரை காலையும் மாலையும் எட்டு வாரம் எடுத்ததில் 38க்கு இறங்கியது. அதற்கு மேல் இறங்கவில்லை. பிறகு, ஆஸ்துமாக்காரர்கள் நெபுலைசரில் ஊற்றுகிற புடசோனைட் என்ற ஸ்டீராய்டுத் திரவத்தைத் தேனில் குழைத்து விழுங்கச் சொன்னார். மூன்று மாதத்தில் எண்ணிக்கை 4 ஆகிவிட்டது.

இப்போது எதுவும் நிற்பதில்லை. "ஸ்டீராய்டை இன்னும் எத்தனை நாள் நக்கிக்கொண்டிருப்பாய்?" என்று அம்மா கேட்கிறார். மனைவி கேட்கவில்லை, ஆனால் பார்க்கிறாள். நிறுத்திப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பேர்ண்வாசி | 4 பிப்ரவரி, அதிகாலை 2.05

நான் நிறுத்தியவன், தம்பி. இரண்டு தடவை. முதல் தடவை நான்காம் மாதம் பாண் துண்டு நின்றது. இரண்டாம் தடவை கோழி.

எனக்கு இங்கே சுவிஸில் அதே புடசோனைட்டை நாக்கில் வைத்துக் கரைக்கிற குளிசையாகத் தருகிறார்கள். ஜோர்வெசா என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018இல் அனுமதி கிடைத்த மருந்து. இரண்டாம் தடவை சிக்கி வந்தபோது வைத்தியர் ஏசவில்லை, ஒரு தாளை எடுத்துப் படம் கீறிக் காட்டினார். ஏற்கெனவே குணமான 204 பேரை மூன்று குழுவாகப் பிரித்து 48 வாரம் பார்த்திருக்கிறார்கள். குளிசையைத் தொடர்ந்த இரண்டு குழுக்களிலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் அப்படியே நன்றாக இருந்தார்கள். மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேர்தான் தப்பினார்கள். அந்தக் குழுவில் பாதிப் பேருக்கு 87 நாளுக்குள் நோய் திரும்பிவிட்டது. என் நான்காம் மாதம் அந்தக் கணக்குக்கு எவ்வளவு பக்கத்தில் விழுகிறது பாருங்கள்.

இந்த நோயோடு எங்கள் நாட்டுக்கு ஓர் உறவும் உண்டு. 1993இல் அட்வுட் குழுவினர் இதைத் தனி நோயாக எழுதினார்கள். 1994இல் அலெக்ஸ் ஸ்ட்ராவ்மான் தனியாக எழுதினார். அவர் ஓல்டனில் இருந்த வைத்தியர். சுவிஸ் தமிழர் எல்லோரும் ஒரு தடவையாவது ரயில் மாறிய சந்தி அது. நானும் எத்தனையோ தடவை அந்த மேடையில் நின்று பாண் சாப்பிட்டுத் திணறியிருக்கிறேன், பக்கத்திலேயே வைத்தியர் இருந்தது தெரியாமல்! இதற்கென்று மருந்து ஒன்றும் பழக்கத்துக்கு வராத அந்தக் காலத்தில், தன்னிடம் வந்த 30 பெரியவர்களைச் சராசரி ஏழு ஆண்டு தொடர்ந்து பார்த்து 2003இல் எழுதினார். 29 பேருக்கு விழுங்கும் சிரமம் அப்படியே இருந்தது. தானாகப் போகிற நோய் இல்லை இது.

சுக்குக்காப்பி | 4 பிப்ரவரி, காலை 7.40

இதெல்லாம் வாயுத் தொல்லை. என் சித்தப்பாவுக்கும் இதே மாதிரி நின்றது. சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுக் குடித்தார், மூன்றே வாரத்தில் சரியாகிவிட்டது. ஸ்டீராய்டு, ஊசி என்று பயமுறுத்தாதீர்கள்.

நுண்ணோக்கி | 4 பிப்ரவரி, முற்பகல் 11.15

நாற்பது ஆண்டு திசு ஆய்வகத்தில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். சுக்கின் மேல் எனக்கும் பிரியம் உண்டு, தினமும் குடிக்கிறேன். ஆனால் கொடுமுடியாருக்கு இருப்பது வாயு இல்லை.

இயோசினோபில் ஒரு வெள்ளை அணு. இயோசின் என்ற சாயத்தைக் குடித்துச் சிவப்பதால் பால் எர்லிக் 1879இல் வைத்த பெயர். கண்ணாடித் தகட்டில் செம்பருத்திச் சாற்றைத் தெளித்தது போல இருக்கும். நம் ஊரில் ரத்தத்தில் அது கூடினால் முதலில் குடற்புழுவையும் யானைக்கால் புழுவையும் நினைப்போம், அது சரிதான். ஆனால் உணவுக்குழாய்ச் சுவர் வேறு இடம். குடலில் இந்த அணு இயல்பாகவே இருக்கும். உணவுக்குழாயிலோ ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒரு புலத்தில் 15 அல்லது அதற்கு மேல் இருந்து, விழுங்கும் சிரமமும் இருந்து, வேறு காரணமும் இல்லை என்றால் இந்த நோய். ரத்தப் பரிசோதனை இதைச் சொல்லாது. அழற்சி திட்டுத் திட்டாக இருப்பதால் ஓரிடத்தில் மட்டும் எடுத்த திசுவும் ஏமாற்றிவிடும். ஆறு துணுக்காவது கேட்பது அதனால்தான். 2022இல் உங்களுக்கு நடந்ததைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இளம் வயதில் கறி சிக்கி வருகிறவரிடம் முதலில் சந்தேகிக்க வேண்டிய நோய் இதுதான். குழாய் உள்ளே போயிருக்கிறது, இடுக்கி கையில் இருக்கிறது, இரண்டு நிமிட வேலை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அழற்சி நீடித்தால் சுவருக்கு அடியில் நார்த்திசு படியும். குழாய் விறைத்து, வளையம் வளையமாகி, கடைசியில் குறுகும். இது ஓசையில்லாமல் நடக்கிற வேலை. ஸ்ட்ராவ்மான் குழுவினரின் நோயாளிகள் 200 பேரை வைத்து 2013இல் ஒரு கணக்கு வந்தது. அறிகுறி தொடங்கி இரண்டு ஆண்டுக்குள் நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 17 பேருக்குக் குழாய் குறுகியிருந்தது. இருபது ஆண்டுக்கு மேல் தாமதமானவர்களில் 71 பேருக்கு. நீங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில், ஆனால் பின்கோடிக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். "நிற்பதில்லை" என்ற ஒன்றை வைத்து மருந்தை நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கொடுமுடியான் | 4 பிப்ரவரி, இரவு 9.50

நன்றி ஐயா. இரண்டு பயம் இருக்கிறது, கேட்டுவிடுகிறேன். இது புற்றுநோயாக மாறுமா? ஸ்டீராய்டு எலும்பை அரித்துவிடுமா?

நுண்ணோக்கி | 5 பிப்ரவரி, காலை 6.30

முதலாவதற்கு நிம்மதியாக இருங்கள். முப்பது ஆண்டுக்கு மேல் பார்த்துவிட்டார்கள், இந்த நோய் புற்றாக மாறுகிறது என்று காட்ட எதுவும் கிடைக்கவில்லை. நீண்டநாள் அமில எதுக்களிப்பில் வருகிற அபாயம் வேறு கதை.

இரண்டாவது: உடல் முழுக்கப் போகிற ஸ்டீராய்டு மாத்திரையையும் இதையும் ஒன்றாக நினைக்காதீர்கள். இது குழாயின் உட்புறத்தில் பூசுகிற மருந்து. வயிற்றுக்குள் போவதில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும். ஆனால் ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்குச் சில மருத்துவர்கள், உடலே சுரக்கிற ஸ்டீராய்டான கார்டிசாலின் காலைநேர அளவைப் பார்ப்பார்கள், அது நியாயம்தான். அதிகம் வருகிற தொல்லை வாயிலும் குழாயிலும் வெண்பூஞ்சை. மருந்து குழாயில் தங்கினால்தான் வேலை செய்யும், எனவே விழுங்கிய பின் அரை மணி நேரம் தண்ணீர்கூட வேண்டாம். வாயை மட்டும் கொப்பளித்து உமிழ்ந்துவிடுங்கள்.

டொராண்டோ மருமகள் | 5 பிப்ரவரி, இரவு 8.10

நோய் என் கணவருக்கு. எழுதுவது நான், ஏனென்றால் அவரைக் கேட்டால் "எனக்கு ஒன்றுமில்லை" என்பார்.

அதைத்தான் சொல்ல வந்தேன். கல்யாணமான புதிதில் என் மாமியார், "என் பிள்ளை நிதானமாகச் சாப்பிடுகிறவன்" என்று பெருமைப்படுவார். உண்மைதான், பந்தியில் இலையைக் கடைசியாக மடிக்கிறவர் இவர்தான். தோசை என்றால் சாம்பாரில் ஊறி அவிழ்ந்த பிறகுதான் வாய்க்குப் போகும். ரசம் சாதத்தைக் குழந்தைக்குப் பிசைவது போலப் பிசைவார். கறியை நகத்தளவு கிள்ளுவார். மாத்திரையைப் பாதியாக உடைப்பார். கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் உட்காரவே மாட்டார். நண்பர்களோடு வெளியே சாப்பிடக் கூப்பிட்டால் "பசியில்லை". இத்தனையும் இவர் சுபாவம் என்று எட்டு ஆண்டு நினைத்திருந்தேன். எண்டோஸ்கோப்பி செய்த மருத்துவர் இதே பட்டியலைக் கேள்வி கேள்வியாகக் கேட்டபோது நான் இவர் முகத்தைப் பார்த்தேன், இவர் தரையைப் பார்த்தார்.

கொடுமுடியான் அண்ணா, "எதுவும் நிற்பதில்லை" என்கிறீர்கள். தண்ணீர் இல்லாமல், ஊறவைக்காமல், மற்றவர்கள் வேகத்தில் சாப்பிட்டும் நிற்பதில்லையா? உங்களைக் கேட்காதீர்கள், அண்ணியைக் கேளுங்கள்.

திருச்சி54 | 6 பிப்ரவரி, பிற்பகல் 3.30

மேலே சொன்ன 71இல் நான் ஒருவன். முப்பது வயதில் தொடங்கியது, ஐம்பத்து மூன்றில் பெயர் தெரிந்தது. குழாயின் விட்டம் 9 மில்லிமீட்டர் என்றார்கள். 13க்குக் கீழே போனாலே திட உணவு தகராறு செய்யும் என்பது பழைய கணக்காம். நான் இட்லியும் கஞ்சியுமாக எப்போதோ சமாதானமாகியிருந்தேன்.

விரிவாக்கம் செய்தார்கள். பலூனை உள்ளே விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று வார இடைவெளியில் நான்கு தடவை, 16 வரை. கிழிந்துவிடுமோ என்று கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது. ஓட்டை விழும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்றார் மருத்துவர். ஓட்டை விழவில்லை, ஆனால் முதல் இரண்டு தடவையும் மறுநாள் முழுவதும் நெஞ்சு வலித்தது. அதைச் சொல்லாமல் விடுவது தப்பு.

நான்காவது தடவைக்கு அடுத்த வாரம் பரோட்டா சாப்பிட்டேன். இருபது ஆண்டுக்குப் பிறகு. அழுதேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும்: குழாயை விரித்தால் வழி அகலும், அழற்சி அப்படியேதான் இருக்கும். நான் மருந்தில் சோம்பல் பட்டேன், ஒன்றரை ஆண்டில் 12க்கு வந்து மறுபடி பலூன். இப்போது தினமும் இரவு படுக்குமுன் புடசோனைட், பல் தேய்ப்பது போல.

பேர்ண்வாசி | 6 பிப்ரவரி, இரவு 11.45

அண்ணை, பரோட்டாவுக்கு அழாமல் வேறு எதற்கு அழுவது.

மோர்மிளகாய் | 7 பிப்ரவரி, காலை 9.05

எல்லோரும் மருந்திலேயே நிற்கிறீர்கள். இது உணவு ஒவ்வாமை என்றால், அந்த உணவைக் கண்டுபிடித்து நிறுத்திவிட வேண்டியதுதானே? வாழ்நாள் முழுக்க மருந்து எதற்கு?

டொராண்டோ மருமகள் | 7 பிப்ரவரி, இரவு 7.20

நாங்கள் அந்த வழியில்தான் இருக்கிறோம். சொல்வதற்கு எளிது. தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனை இதில் வழிகாட்டாது. வேர்க்கடலை சாப்பிட்டதும் தடிப்பது போன்ற உடனடி ஒவ்வாமை இல்லை இது, நாள்கணக்கில் மெதுவாக மூள்வது. அதனால் நிறுத்து, எட்டு வாரம் காத்திரு, எண்டோஸ்கோப்பியில் திசு எடு, ஒன்றைத் திரும்பச் சேர், மறுபடி காத்திரு, மறுபடி எடு. வேறு வழியில்லை.

முன்பு பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டை வகைகள், மீன் என ஆறையும் ஒரேயடியாக நிறுத்தச் சொன்னார்கள். 2023இல் அமெரிக்காவில் 129 பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வில், பாலை மட்டும் நிறுத்தியவர்களில் 34 விழுக்காட்டினருக்கும் ஆறையும் நிறுத்தியவர்களில் 40 விழுக்காட்டினருக்கும் திசு சரியானது. ஆறு விழுக்காட்டுக்காக ஐந்து உணவைத் துறக்க வேண்டுமா? எங்கள் மருத்துவர் பாலும் கோதுமையுமாகத் தொடங்கினார். எண்ணிக்கை 55இலிருந்து 2. பாலைச் சேர்த்தோம், 41. பாலை எடுத்துவிட்டுக் கோதுமையைச் சேர்த்தோம், 6. ஆக எங்கள் வீட்டில் குற்றவாளி பால். நான்கு எண்டோஸ்கோப்பி, ஏழு மாதம்.

அந்த ஏழு மாதத்தில் நான் கற்ற சமையல் தனிப் புத்தகம். தயிர், நெய், காபி, பாயசம் போவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது கூட்டுப் பெருங்காயம்! டப்பாவைத் திருப்பிப் படியுங்கள், பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய் எல்லாவற்றிலும் இரண்டு வாரம் கோதுமையைத் தூவிக்கொண்டே "கோதுமை நிறுத்தியாயிற்று" என்று மருத்துவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பேர்ண்வாசி | 8 பிப்ரவரி, அதிகாலை 1.30

எனக்கு உணவுவழி சரிவரவில்லை. உணவகச் சமையலறையில் வேலை, கண்டதை ருசி பார்க்க வேண்டும். வீட்டிலும் இடியப்பத்துக்கு அவித்த கோதுமை மா கலக்கிற குடும்பம். மூன்று மாதம் முயன்று மெலிந்ததுதான் மிச்சம். தங்கச்சிக்குப் பொறுமை இருந்தது, எனக்கு இல்லை. மருந்தைவிட உணவு உயர்ந்தது என்று யாரும் பேச வேண்டாம், எது உங்களால் ஐந்து ஆண்டுக்குச் செய்ய முடியுமோ அதுதான் உங்களுக்கு.

மோர்மிளகாய் | 8 பிப்ரவரி, காலை 8.00

சரி, ஏற்கிறேன். அந்த வார ஊசி பற்றி யாரும் பேசவில்லையே?

நுண்ணோக்கி | 8 பிப்ரவரி, நண்பகல் 12.10

டுபிலுமாப். அமெரிக்காவில் 2022 மே மாதம் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. பெரியவர்களுக்கு வாரம் 300 மில்லிகிராம், தோலுக்கடியில். 24 வாரத்தில் பத்தில் ஆறு பேருக்குத் திசு சரியானது, வெற்று ஊசி போட்டவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான். ஆஸ்துமாவும் கரப்பானும் சேர்ந்து இருப்பவர்களுக்கு ஒரே ஊசியில் மூன்று காரியம். ஆனால் விலை நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாது. அமில மாத்திரையும் குழைத்த புடசோனைட்டும் பலிக்காதபோது யோசிக்க வேண்டியது.

அமில மாத்திரையை மட்டமாக நினைக்காதீர்கள், ஏறத்தாழ பாதிப் பேருக்கு அதுவே போதும். அதற்குக் கேட்டால் இந்த நோயே இல்லை என்று முன்பு ஒதுக்கினோம், 2018இல் அந்தப் பிரிவினையைக் கைவிட்டார்கள். அமிலத்தைக் குறைப்பது மட்டுமல்ல, இயோசினோபிலை அழைக்கிற செய்தியையும் அது தணிக்கிறது.

இன்னொன்று, இது என்னை நானே குட்டிக்கொண்ட கதை. பென்ரலிசுமாப் என்ற ஊசி இயோசினோபிலை நேரே அழிப்பது. 2024இல் ஆய்வு முடிவு வந்தது. நூற்றில் 87 பேருக்குத் திசுவில் அந்த அணு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. விழுங்கும் சிரமமோ, வெற்று ஊசி போட்டவர்களுக்கு எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுதான்! நாற்பது ஆண்டு அந்தச் சிவப்புப் புள்ளிகளை எண்ணி, இதுதான் நோய் என்று கையெழுத்துப் போட்டவன் நான். வீட்டுக்குள் புகுந்த கூட்டத்தில் சிவப்புச் சட்டைக்காரனை மட்டும் பிடித்திருக்கிறோம் போலும். எனவே, கொடுமுடியாரே, "4" என்ற எண்ணையும் முழுக்க நம்ப வேண்டாம். குழாய் எப்படி இருக்கிறது, விட்டம் எவ்வளவு என்று கேட்டீர்களா?

கொடுமுடியான் | 17 மே, இரவு 10.45

மூன்று மாதம் காணாமல் போனதற்கு மன்னிக்க வேண்டும்.

டொராண்டோ அம்மணி சொன்னபடி மனைவியைக் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை, மறுநாள் காலை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்று இட்லிக்கு 26 நிமிடம். தண்ணீர் டம்ளரை ஒன்பது முறை எடுத்தேனாம். எடுத்தது எனக்கே தெரியாது.

மருந்தை நிறுத்தவில்லை. ஏப்ரலில் மறுபடி எண்டோஸ்கோப்பி. எண்ணிக்கை 3. ஆனால் கீழ்ப்பகுதியில் குழாய் 12 மில்லிமீட்டர்தான். முன்பே அப்படி இருந்ததா என்று கேட்டேன், போன தடவை யாரும் அளக்கவில்லை. 15 வரை விரித்திருக்கிறார்கள். திருச்சி அண்ணன் சொன்ன நெஞ்சு வலி சரியாக ஒன்றரை நாள் இருந்தது, முன்பே படித்திருந்ததால் பயப்படவில்லை. புடசோனைட் அளவைப் பாதியாக்கி, ஓராண்டு கழித்து மறுபடி பார்க்கலாம் என்றிருக்கிறார். பாலை நிறுத்திப் பார்க்கும் யோசனையை அம்மாவிடம் சொன்னேன். "தயிர் இல்லாத சாப்பாடு ஒரு சாப்பாடா? அதற்கு அந்த ஸ்டீராய்டையே சாப்பிடு" என்றுவிட்டார். எங்கள் வீட்டில் அந்த விவாதம் அத்துடன் முடிந்தது.

நேற்று மூன்று இட்லி, 11 நிமிடம்.

திருச்சி54 | 18 மே, காலை 6.15

பரோட்டா எப்போது?

சுக்குக்காப்பி | 20 மே, இரவு 9.30

இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டு ஊருக்குப் போனபோது சித்தப்பாவைக் கேட்டேன். மூன்று வாரத்தில் சரியானது உண்மைதான் என்கிறார். ஆனால் அதற்குப் பிறகு ஏழு ஆண்டாகச் சப்பாத்தியையும் கறியையும் தொடவே இல்லையாம். சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தோசையை மோரில் ஊறவைக்கிறார். வயது 47, சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. எந்த மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்?

நுண்ணோக்கி | 21 மே, காலை 5.50

இரைப்பை குடல் மருத்துவரிடம். எண்டோஸ்கோப்பியில் குழாய் பார்க்க நன்றாக இருக்கிறது என்றாலும் ஆறு துணுக்குத் திசு எடுக்கச் சொல்லுங்கள், விட்டத்தையும் எழுதச் சொல்லுங்கள். அதுவரை சுக்குக்காப்பி குடிக்கட்டும், தடையில்லை.